சீத்தா மொட்டையாகட்டும், விடுங்கள்

மாசி பிறந்தால் கள்ளக்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்திருப்பவர்கள் தவறாமல் கேட்பது இது: “தை வரைக்கும் பச்சையா நின்ன சீத்தா இப்ப வெறும் குச்சியா நிக்குது. பட்டுப்போச்சா அண்ணே?” பட்டுப்போகவில்லை. டீயை ஒரு வாய் குடியுங்கள், சொல்கிறேன்.

குளிர் தேசத்துச் செடி பனிக்காக இலையைக் கொட்டுகிறது. நம் ஊர்ச் செடி வறட்சிக்காகக் கொட்டுகிறது. மார்கழியோடு மழை ஓய்ந்துவிடும். மண்ணில் ஈரம் குறையும். இலை இருந்தாலோ தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தச் செலவை நிறுத்த இலையை உதிர்ப்பதுதான் வழி. பங்குனியில் கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப் பாருங்கள், கல்வராயன் அடிவாரக் காட்டிலும் இதே கதைதான்.

சீத்தாவிடம் கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. மற்ற செடிகளில் இலைக்காம்புக்கும் கிளைக்கும் இடையில் துளிர்மொட்டு வெளியே தெரியும். சீத்தாவில் அது காம்பின் தடித்த அடிப்பகுதிக்குள் மூடிக்கிடக்கும். பழைய இலை விழுந்தால்தான் துளிருக்கு வழி பிறக்கும். புதுத் துளிரோடுதான் பூவும் வரும். மாசியில் பாவம் பார்த்துத் தினமும் பைப்பைத் திறந்துவிட்டால் பழைய இலை ஒட்டிக்கொண்டே இருக்கும், பூ தள்ளிப்போகும். மகாராஷ்டிரத்தில் இதையே உத்தியாக வைத்திருக்கிறார்கள்: தண்ணீரை நிறுத்தி இலையைக் கொட்டவிட்டு, பிறகு பாய்ச்சி, தோட்டம் மொத்தத்தையும் ஒன்றாகப் பூக்க வைக்கிறார்கள். நட்டு ஒன்றிரண்டு வருடமே ஆன கன்றை மட்டும் இப்படிக் காயப்போட வேண்டாம்.

செடி மொட்டையாக நிற்கும்போதே கவாத்தையும் முடித்துவிடுங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசுவது எல்லாம் போகட்டும். விட்டால் சிறு மரமாகிவிடும். வெட்டி வைத்தால் கைக்கு எட்டும் புதராக நிற்கும். கைக்கு எட்டும் புதரே நமக்கு நல்லது, ஏனென்று பூவைப் பார்த்தால் புரியும்.

பூ பச்சையாக, தலைகீழாகத் தொங்கும். பலர் அதைப் பூ என்றே கவனிப்பதில்லை. அதில் பெண்பாகம் முதலில் தயாராகிறது. மகரந்தம் உதிரும் நேரத்தில் அந்தப் பெண்பாகம் காய்ந்துவிடும். அதனால் ஒரு பூ தனக்குத் தானே உதவிக்கொள்ள முடியாது. குட்டி வண்டுகள்தான் பூவிலிருந்து பூவுக்கு எடுத்துப்போக வேண்டும். சித்திரை, வைகாசி அனலில் பெண்பாகத்தின் பிசுபிசுப்பு வறண்டு பூக்கள் கொட்டுவது சகஜம். மழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் பிடிக்கும். பொறுமை இருந்தால் விடிகாலையில் மகரந்தம் உதிர்க்கும் பூவிலிருந்து சின்ன பிரஷ்ஷால் எடுத்து, பாதி விரிந்த பூவுக்குள் தடவலாம். பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். அதில் பாதிக்கு மட்டும் மகரந்தம் கிடைத்தால் பழம் ஒருபக்கம் சப்பிப்போகும். கோணல் பழத்துக்கு உரக்குறையைத் திட்டுவதில் பலனில்லை.

நடுவதற்குச் சரளைமண்ணே போதும். தண்ணீர் தேங்கக் கூடாது, வேர் அழுகும். இரண்டடிக் குழி எடுத்து ஆடியில் வைக்கலாம். விதைக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். சதை அதிகம் வேண்டுமென்றால் பாலாநகர் ஒட்டு. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.பி.கே. 1 ரகமும் உண்டு. ஆடு இந்த இலையைத் தொடாது என்பதால் வேலியோரத்துக்குத் தோதான செடி. மாவுப்பூச்சி வரும். அதைக் காவல் காத்து வளர்ப்பது எறும்பு; எறும்பு ஏறும் வழியை அடைத்து, வேப்பெண்ணெய் கரைசலை அடியுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் கண்களுக்கு இடையே வெளிர்மஞ்சள் தெரிந்ததும் பறித்து அரிசிப்பானையில் வையுங்கள். மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால் அணிலுக்குத்தான். பழுக்காத காயை பிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப்போகும்.

விதையை அரைத்துப் பேனுக்குத் தலையில் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பேன் சாகும், உண்மைதான். அந்த விழுது கண்ணில் வழிந்தால் கருவிழி புண்ணாகிவிடும். பிள்ளைகள் தலையில் அதை வைக்கவே வைக்காதீர்கள்.