குடிநோய்க்குச் சிகிச்சை உங்கள் உரிமை

காலை ஷிப்ட்டுக்குக் கிளம்புகிறவர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார், அப்படியும் தளும்புகிறது. ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்தில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஊர் இதைத் திமிர் என்கிறது. சட்டமோ நோய் என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனப் பாதிப்புகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆனாலும் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெறுகிறார் என்றது மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வு.

எதில் ஆபத்து?

தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து அது. "மாலை போட்டால் சரியாகிவிடும்" என்று காத்திராமல், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். சாப்பாட்டில் ரகசியமாகக் குடியை நிறுத்தும் மருந்து கலக்காதீர்கள். அதன்மேல் மது போனால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம்.

சட்டம் என்ன தருகிறது?

அரசு மருத்துவமனையில் பாகுபாடின்றிச் சிகிச்சை கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, கையில் அட்டை இல்லாவிட்டாலும், அது இலவசம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சை விவரத்தை, சட்டம் சொல்லும் விதிவிலக்குகள் தவிர, கம்பெனி உட்பட யாருக்கும் சொல்லக் கூடாது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை.

நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது எந்த வகையிலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். 'மறுவாழ்வு மையம்' என்ற போர்டை நம்பிச் சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். பதிவில்லாத மையம் நடத்தக் கூடாது.

எங்கே போவது?

14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பதில் கிடைக்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எங்கே, எப்போது பார்க்கிறார் என்று விசாரியுங்கள். தீவிர நிலை என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. அடைத்து வைத்தாலோ அடித்தாலோ மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். இலவச வக்கீல் உதவிக்கு 15100.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருவதுபோல், குடிநோய்க்கான தொடர் கவனிப்பும் வர வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகவே கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் சிலர் மீண்டும் குடிப்பார்கள். இந்த நோயின் போக்கு அப்படி. அவரைத் திரும்பவும் அழைத்துப் போங்கள். முதல் முறைக்கு இருந்த அதே உரிமை அப்போதும் அவருக்கு உண்டு.