தொப்புள்கொடி ரத்தம்: கையெழுத்துப் போடும் முன்

பூந்தமல்லியிலோ தண்டலத்திலோ ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் திரும்பும் கர்ப்பிணிக்கு, சில நாட்களில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து போன் வருவது இப்போது சகஜமாகிவிட்டது. "வாழ்த்துகள் மேடம். பாப்பாவோட தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கப் பதிவு பண்ணிட்டீங்களா? பிரசவ நேரத்தை விட்டா அப்புறம் கிடைக்காது." ஐம்பதாயிரம் ரூபாயில் ஆரம்பிக்கும் பேச்சு, லட்சத்தைத் தாண்டியும் போகும். மாதத் தவணையும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் அரசு தரும் உதவியே மொத்தம் 18,000 ரூபாய்தான். பிள்ளைக்கு நல்லது என்று ஒருவர் சொன்னால், கம்பெனி வேலைக்குப் போகும் தகப்பன் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார். அதனால்தான் விஷயத்தை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மை. எலும்பு மஜ்ஜை பழுதானவரின் உடலில் அவை புதிய ரத்தத்தை உருவாக்கும். 1988-ல் பாரிசில் டாக்டர் எலியான் குளுக்மன், பேன்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு உலகிலேயே முதன்முறையாக இந்தச் சிகிச்சையைச் செய்து காப்பாற்றினார். அவனுக்குச் செலுத்தியது அவனுடைய ரத்தம் அல்ல, புதிதாகப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தம். விற்பனைப் பிரதிநிதிகள் அழுத்திச் சொல்லாத இடம் இதுதான்.

தாலசீமியா போன்ற மரபணு நோய் ஒரு குழந்தைக்கு இருந்தால், அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். சிறு வயதில் வரும் ரத்தப் புற்றுநோய்களில் பலவற்றுக்கான முதல் மாற்றங்கள் பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கக்கூடும். ஆக, பிள்ளைக்கென்று பணம் கட்டிப் பாதுகாத்த ரத்தம், அதே பிள்ளைக்கு நோய் வரும்போது பெரும்பாலும் உதவாது. முதல் 20 ஆண்டுகளில் ஒருவருக்குத் தன் ரத்தமே தேவைப்படும் வாய்ப்பு 2,500 பேரில் ஒருவர் முதல் 2 லட்சம் பேரில் ஒருவர் வரைதான் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எதிர்காலச் சுய உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலும் கூறுகிறது. கொடியின் திசு, நஞ்சு, பால்பல் ஆகியவற்றைச் சேமிப்பதற்கும் அந்த கவுன்சிலின் ஒப்புதல் இல்லை. 'காம்போ பேக்கேஜ்' என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

சேமிப்பது நியாயமான ஒரு சூழல் உண்டு. வீட்டில் மூத்த குழந்தைக்கு இந்தச் செல்களால் குணமாகக்கூடிய நோய் இருந்து, தாய் மீண்டும் கருவுற்றிருந்தால், அவசியம் ரத்தநோய் நிபுணரிடம் பேசுங்கள். உடன்பிறந்தவரோடு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

2004-ல் சென்னையில் தொடங்கிய லைஃப்செல் நிறுவனம், 2017 முதல் உறுப்பினர்களின் ரத்தத்தைப் பொதுவில் பகிரும் முறையை நடத்துகிறது. தனித்தனியாகப் பூட்டிவைப்பதைவிட இது அர்த்தமுள்ளது. ஆனாலும் பணம் கட்டியவர்களுக்குள் மட்டுமே பகிர்வது பொதுச் சேவை ஆகாது. தொப்புள்கொடி ரத்தம்தான் ஒரே வழி என்றும் இல்லை: பெற்றோரின் பாதிப் பொருத்தமுள்ள செல்களைக் கொண்டே மாற்று சிகிச்சை செய்யும் முறையும் இப்போது வளர்ந்திருக்கிறது.

எனக்கு மிகவும் உறுத்துவது பிரசவ அறையில் நடக்கும் விஷயம். குழந்தை வெளியே வந்த பிறகும் கொடி சற்று நேரம் துடித்துக்கொண்டிருக்கும். நஞ்சில் மிச்சமிருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு நிமிடமாவது கழித்தே கொடியைக் கிளிப் போட்டு அடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிச் செய்தால் குழந்தைக்கு முதல் சில மாதங்களுக்கான இரும்புச்சத்து சேரும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. சேமிப்புப் பைக்கு அதிக ரத்தம் வேண்டுமென்றால் கொடியைச் சீக்கிரம் அடைக்க வேண்டும். இன்றே குழந்தைக்குப் போகவேண்டியதை, என்றோ வரக்கூடும் என்ற நோய்க்காக எடுத்துவைப்பது சரியான கணக்காக எனக்குப் படவில்லை.

சேமித்த ரத்தம் பத்திரமாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2023 நவம்பரில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம், கார்ட்லைஃப் நிறுவனத்தின் ஏழு தொட்டிகளில் வெப்பநிலை அளவு மீறியதை வெளியிட்டது. ஒரு தொட்டியில் மட்டும் சுமார் 2,200 ரத்தப் பைகள் வீணாயின.

இதற்குப் பிறகும் சேமிக்க முடிவெடுத்தால், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள்: ரத்தம் போதாமல் போனால், தவணை தவறினால், நிறுவனம் கைமாறினால் என்ன என்பது அங்கேதான் இருக்கும். எத்தனை செல்கள் கிடைத்தன, கிருமித் தொற்று உண்டா என்ற ஆய்வு முடிவை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி வாக்குறுதியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அதை அழிக்காமல் வையுங்கள்.

பொய் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பரிந்துரைத்த மருத்துவர் கமிஷன் வாங்கியதாகச் சான்று இருந்தால், தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் முறையிடுங்கள். அது மருத்துவ ஒழுக்க விதிகளில் தடைசெய்யப்பட்டது.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, "கொடியை எத்தனை நிமிஷம் கழிச்சுக் கட் பண்ணுவீங்க?" என்று உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பைசா செலவில்லை.