மின்தடையும் தன்மின்தடையும்: ஒரு கலைச்சொல் விளக்கம்

தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘நாளைய மின்தடை’ என்னும் தலைப்பின்கீழ் ஊர்ப்பெயர்கள் அச்சாவதுண்டு. பராமரிப்புப் பணிக்காக மின்வழங்கல் நிறுத்தப்படுவதையே அச்சொல் அங்குக் குறிக்கிறது. அதே சொல் பள்ளி அறிவியல் பாடநூலில், ஒரு கடத்தி தன்வழியே செல்லும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவைக் குறிக்கிறது. முன்னதில் மின்னோட்டமே இல்லை. பின்னதில் மின்னோட்டம் உண்டு, அது எத்துணை எளிதாகச் செல்கிறது என்பதே வினா. ஒரு சொல் இரு பொருள்பட வழங்குவது மொழிக்குப் புதிதன்று. இடம் நோக்கிப் பொருள் கொள்ளப்பட்டுவிடும். இயற்பியல் பாடத்தின் உள்ளேயே எழும் வேறொரு மயக்கம் இதனினும் ஆழமானது. மின்தடை, மின்தடை எண் என்னும் இரு கருத்துகளின் வேறுபாட்டைக் கலைச்சொல் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பது ஆராயத்தக்கது.

தடை: சொல்லும் பொருளும்

‘கொடு’ என்பது ‘கொடை’ எனவும் ‘விடு’ என்பது ‘விடை’ எனவும் ஆவதுபோலத் ‘தடு’ என்னும் வினையடி ஐகார ஈறு பெற்றுத் ‘தடை’ என்னும் தொழிற்பெயராகிறது. தொழிற்பெயர் ஆகுபெயராய்த் தடுக்கும் பொருளையும் உணர்த்தும். உலகவழக்குக்கு இந்நெகிழ்வு போதும், இயற்பியலுக்குப் போதாது. அளவு ஒன்று, அவ்வளவைத் தருவதற்கென்றே செய்து சுற்றில் இணைக்கப்படும் உறுப்பு மற்றொன்று. அவ்வுறுப்பைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மின்தடையாக்கி’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘தடையி’ என்றும் வழங்கி, அளவுப்பெயரினின்று பிரித்துள்ளன.

ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அதன்வழியே செல்லும் மின்னோட்டத்தால் வகுக்கக் கிடைப்பது மின்தடை. 1 வோல்ட் வேறுபாடு 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துமாயின் மின்தடை 1 ஓம். இவ்வரையறையே ஓம் விதி எனப் பலராலும் கருதப்படுகிறது, அது பொருந்தாது. வெப்பநிலை மாறாதவரை இவ்விகிதம் மாறாதிருக்கும் என்பதே விதி. எல்லாக் கடத்திகளும் அவ்விதிக்கு உட்படுவனவல்ல. மின்தடை என்னும் அளவோ விதிக்கு உட்படாதவற்றுக்கும் கூறப்படும்.

ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலில், இன்று மின்தடை எனப்படும் கருத்தைச் ‘சுருக்கிய நீளம்’ என்னும் பொருள்தரும் தொடரால் குறித்தார். கம்பியின் நீளத்தை அதன் குறுக்குப்பரப்பாலும் கடத்தும் தன்மையாலும் வகுத்துப் பெற்ற அளவு அது. கருத்தைக் கண்டவரிடத்தும் பெயர் முதலிலேயே நிலைபெற்றுவிடவில்லை. ஆயினும் அத்தொடர் ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டிற்று: மின்தடையில் கம்பியின் வடிவுக்கு ஒரு பங்கு, பொருளுக்கு ஒரு பங்கு.

வடிவும் பொருளும்

கம்பி நீண்டால் மின்தடை அதே மடங்கில் கூடும். குறுக்குப்பரப்பு பெருகினால் அதே மடங்கில் குறையும். இதனை விளக்க ஆசிரியர்கள் நீரோட்டத்தைக் காட்டுவது வழக்கம். ‘மின்னோட்டம்’ என்னும் சொல்லே அவ்வுவமையின்மேல் நிற்கிறது. எனினும் உவமை முற்றுவமை அன்று. குழாயில் அமைதியாக ஓடும் நீருக்குக் குழாயின் குறுக்குப்பரப்பு இருமடங்கானால் தடை நான்கில் ஒன்றாகும். கம்பியிலோ பாதியாகவே குறையும்.

வடிவின் பங்கை நீக்கிவிட்டால் எஞ்சுவது பொருளின் பங்கு. மின்தடையைக் குறுக்குப்பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் அது கிடைக்கும். செம்புக்கு அறை வெப்பநிலையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். மின்னடுப்புச் சுருளில் பயன்படும் நிக்ரோம் கலவைக்கு ஏறத்தாழ 1.1 × 10⁻⁶ ஓம் மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள 1 மீட்டர் செப்புக்கம்பியின் மின்தடை 0.017 ஓம், அதே அளவுள்ள நிக்ரோம் கம்பிக்கு 1.1 ஓம். செப்புக்கம்பியை 65 மீட்டராக நீட்டி எடுத்துக்கொண்டால் இரண்டின் மின்தடையும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். செம்பு அதனால் நிக்ரோம் ஆகிவிடவில்லை.

பொற்கொல்லர் கம்பியச்சில் இழுப்பதுபோல ஒரு கம்பியை இழுத்து இருமடங்கு நீளமாக்கினால், குறுக்குப்பரப்பு பாதியாகும். எனவே மின்தடை நான்கு மடங்காகும். பொருளுக்குரிய அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. ‘கம்பியின் மின்தடை’, ‘செம்பின் மின்தடை எண்’ ஆகிய இரண்டும் ஆறாம் வேற்றுமைத் தொடர்கள். இரண்டும் தற்கிழமைப் பொருளன. வேறுபடுவது உடைமைக்குரியது எது என்பதே. முன்னதில் அது கம்பி, பின்னதில் செம்பு. ‘செம்பின் மின்தடை எத்தனை ஓம்?’ என்னும் வினா, நீளமும் பருமனும் கூறப்படாதவரை, விடையற்ற வினா.

எண், திறன், தன்

பொருளுக்குரிய இவ்வளவைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மின்தடை எண்’ என்றும் ‘தன்மின்தடை’ என்றும் வழங்கியுள்ளன. இலங்கையில் ‘தடைத்திறன்’ என்பது வழக்கு. ‘ஒளிவிலகல் எண்’ என்பதில் எண் உண்மையிலேயே எண், அதற்கு அலகில்லை. அதைக் கற்ற மாணவருக்கு ‘மின்தடை எண்’ என்னும் பெயர் அலகற்ற அளவையே நினைவூட்டும். அலகு உண்டென அறிந்தவரும் அதை ‘மீட்டருக்கு இத்தனை ஓம்’ எனக் கொள்ள இடமுண்டு. உண்மையில் அது வகுத்தலன்று, பெருக்கல்: ஓம் மீட்டர். ‘வெப்பநிலை மின்தடை எண்’ போன்ற அலகுடைய அளவுகளுக்கும் ‘எண்’ ஈறு வழங்குகிறதே எனலாம். அது வழக்கின் சீரின்மைக்குச் சான்றாகுமேயன்றி, இச்சொல்லின் பொருத்தத்துக்குச் சான்றாகாது.

‘தடைத்திறன்’ இலங்கையில் இடர் தருவதில்லை. அங்கே ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவு ‘வலு’ எனப்படுவதால் ‘திறன்’ வேறு பணிக்கு உரியதாகிறது. தமிழ்நாட்டில் அவ்வளவுக்கே ‘திறன்’ என்பது பெயர். ‘மின்திறன்’ பயிலும் மாணவர்முன் ‘மின்தடைத்திறன்’ என்பதை வைத்தால் வாட் அலகு நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு நிலத்துக்கு ஒத்த சொல்லை மற்றொன்றுக்கு அப்படியே பெயர்க்க இயலாமைக்கு இதனினும் தெளிவான காட்டு அரிது.

எஞ்சுவது ‘தன்மின்தடை’. ‘தன்வெப்ப ஏற்புத்திறன்’ என்பதில் ‘தன்’ ஓரலகு நிறையுள்ள பொருளுக்கு உரியதெனச் சுட்டுகிறது. இங்கே ஓரலகு நீளமும் ஓரலகு குறுக்குப்பரப்பும் உடைய பொருளைச் சுட்டும். வடிவை நீக்கிப் பொருளுக்கே உரியதாக்கும் பணியை அச்சொல்லுறுப்பு செய்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் இதுவே ஏற்புடையது.

‘தன்’ என்பதைக் கொண்டு அவ்வளவு என்றும் மாறாதது எனக் கொள்ளலாகாது. செம்பின் தன்மின்தடை அறை வெப்பநிலையில் ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். 230 வோல்ட்டில் ஒளிரும் 60 வாட் இழை விளக்கின் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். அணைந்து குளிர்ந்த நிலையில் அதன் டங்ஸ்டன் இழைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வடிவு மாறவில்லை, பொருளின் அளவே மாறிற்று. குறைகடத்திகளில் இம்மாற்றம் எதிர்த்திசையில் செல்லும். 1911-இல் டச்சு இயற்பியலார் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, ஏறத்தாழ 4.2 கெல்வினில் அதன் மின்தடை திடீரென மறைந்தது. அந்நிலையில் தன்மின்தடையே சுழியாகிவிடுவதால், பாதரச இழை எத்துணை நீண்டதாயினும் மெலிந்ததாயினும் அதன் மின்தடையும் சுழியே.