இமை திறக்கும் விளக்குகள்

வேண்டும்போது எழுந்து, வேண்டாதபோது உள்ளே மறையும் முகப்பு விளக்குகளைப் பழைய மோட்டார் வண்டிகள் சிலவற்றிற் காணலாம். 1936-இல் அமெரிக்காவில் வெளிவந்த கார்டு 810 வண்டியில், ஓட்டுநரே கைப்பிடியைச் சுழற்றி ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே உயர்த்தவேண்டும். பின்னாளில் அவ்வேலையை மின்சார மோட்டார் ஏற்றது. கையுழைப்புக் குறைந்தது, பழுதுக்கு இடம் பெருகியது.

காரைக்காலை அடுத்த போலகத்தில் அத்தகைய வண்டி ஒன்று நிற்பதாகக் கொள்வோம். பொழுது சாய்ந்தது. ஓட்டுநர் விசையைத் தட்டுகிறார். ஒரு விளக்கு எழுகிறது, மற்றொன்று எழவில்லை. ஒற்றை விளக்குடன் வரும் வண்டியை எதிரே வருவோர் மோட்டார் சைக்கிள் என்று மயங்குவர்.

உடனே மோட்டாரைக் கழற்றுவது பேதைமை. முதலில் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். மோட்டார் சுழலும் ஓசையிருந்தும் விளக்கு அசையாவிடில், பற்சக்கரமோ இணைப்புத் தண்டோ பழுதுற்றிருக்கும். ஓசையே இல்லையெனின், பெரும்பாலும் மின்சாரம் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம்.

கடலோர ஊர்களில் இதற்கு முதற்காரணம் உப்புக்காற்று. அது செம்புக் கம்பிமுனைகளிற் பச்சைக் களிம்பை ஏற்றும். வண்டியின் இரும்புடலே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாதலின், உடலோடு கம்பியைப் பிணைக்கும் திருகு துருவேறினாலும் மோட்டார் நின்றுவிடும். பேட்டரியின் இணைப்பை நீக்கியபின், துருவையும் களிம்பையும் சுரண்டி, திருகை இறுக்கி, மசகு பூசுதல் வேண்டும்.

நடுவழியில் இதற்கெல்லாம் நேரமேது? 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 வண்டியின் விளக்கு மோட்டாரில் ஒரு குமிழ் உண்டு. அதைக் கையால் திருகினால் விளக்கு எழும். மோட்டாருக்குரிய ஃபியூஸை முன்னரே எடுத்துவிடவேண்டும். இன்றேல் மோட்டார் திடீரெனச் சுழன்று விரலை நசுக்கிவிடக்கூடும்.