செம்புக் கம்பியால் தைத்த படகு!

சட்டை தைப்பார்கள்; செருப்பு தைப்பார்கள். படகைத் தைப்பார்களா? தைத்தார்கள் குட்டீஸ்! அதுவும் படகு கட்டிப் பழக்கமே இல்லாத குடும்பங்கள், வீட்டிலேயே வைத்துத் தைத்தன.

இங்கிலாந்தில், 'டெய்லி மிரர்' என்றொரு நாளிதழ். பாய்மரப் படகு என்றாலே வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்றிருந்த காலம் அது. சாதாரணக் குடும்பத்தாரும் சொந்தப் படகில் போக வேண்டும் என்று அந்த நாளிதழ் விரும்பியது. வீட்டு வேலைகளை நாமே செய்வது எப்படி என்று 'டிவி'யில் கற்றுத் தந்த பாரி பக்னெலும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து, 1963ல், 'மிரர் டிங்கி' என்ற சிறு படகை உருவாக்கினர்.

நீளம் 10 அடி 10 அங்குலம். பாய், பளிச்சென்ற சிவப்பு நிறம். அன்றைய விலை, 63 பவுண்டு 11 ஷில்லிங். ஆனால், பணம் கட்டினால் படகு வராது. வெட்டிய பலகைகள் தான் வரும். படகாக்குவது உங்கள் பொறுப்பு!

தைப்பது எப்படி?

வழக்கமாக, படகுக்கு முதலில் எலும்புக்கூடு போலச் சட்டம் கட்டி, அதன் மேல் பலகைகளை வளைத்து அடிப்பார்கள். அதற்குக் கைதேர்ந்த ஆசாரி வேண்டும். இந்த முறையில் அது தேவையில்லை. மெல்லிய பிளைவுட் பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, செம்புக் கம்பியால் இணைத்தால், படகின் வடிவம் தானாக வந்துவிடும்.

சுலபம் தானே என்று அவசரப்படக் கூடாது. பொறுமைக்கு இங்கே தான் வேலை!

முதலில், பலகைகளை எண்ணிப் பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். இடது எது, வலது எது, முன்பக்கம் எது என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுத வேண்டும். இரண்டும் அண்ணன், தம்பி போல ஒரே சாயலில் இருக்கும். மாற்றிப் பொருத்தினால் வம்பு.

அடிப்பலகைகள் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் துளையிட்டால், துளைகள் நேருக்கு நேர் அமையும். அந்த விளிம்பைக் கம்பியால் கட்டி, புத்தகத்தைத் திறப்பது போல் விரித்தால், படகின் அடிப்பகுதி தயார். பிறகு, பக்கப் பலகைகள், முன் பலகை, பின் பலகை.

கம்பியை முதலிலேயே இறுக்கி முறுக்கக் கூடாது. தளர்வாகத் தான் கட்ட வேண்டும். ஏன் தெரியுமா? படகு கோணலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே! முன்பக்க நடுப்புள்ளியில் இருந்து, பின்பக்க மூலைகள் இரண்டுக்கும் கயிறு பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால், முறுக்கிக் கொண்டிருப்பது தெரிந்துவிடும். தவறு இருந்தால், கம்பியைத் தளர்த்திச் சரிசெய்யலாம்.

எல்லாம் சரியான பிறகே, இணைப்புகளின் மேல் கண்ணாடி நார்ப் பட்டையை வைத்து ரெசின் பூச வேண்டும். ரெசினில் கெட்டியாக்கும் மருந்தைக் கலந்தால், கொஞ்ச நேரத்தில் கல் போல் இறுகிவிடும். அதன் பின் கோணலை நிமிர்த்த முடியாது. கோணலான படகு, தண்ணீரில் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே இழுக்கும். பலகை பொருந்தாமல் இடைவெளி இருந்தால், தண்ணீர் உள்ளே வரும். படகில் இருப்பது நம் உயிர் அல்லவா!

(ரெசின் வாடை உடம்புக்கு ஆகாது. அந்த வேலை, கையுறையும் முகமூடியும் அணிந்த பெரியவர்களுக்கு மட்டுமே!)

தைப்பது நமக்கும் புதிதல்ல. துறைமுகம் கட்டும் முன், சென்னைக் கடலில் நின்ற கப்பல்களில் இருந்து ஆட்களையும், சரக்குகளையும் கரை சேர்த்த மசூலா படகுகளும் தைத்தவையே. அங்கே ஆணி கிடையாது. தேங்காய் நார்க் கயிறு தான். அலை மோதும் போது, உடையாமல் வளைந்து கொடுக்கும்.

மிரர் படகுகள் இதுவரை, 70 ஆயிரத்துக்கும் அதிகமாக உருவாகி உள்ளன. ஏ.ஜே.மெக்கினன் என்ற ஆசிரியர், 1997ல் பழைய மிரர் படகு ஒன்றில் இங்கிலாந்தில் கிளம்பி, ஆறு, கால்வாய், கடல் எல்லாம் தாண்டி, மறு ஆண்டு கருங்கடலையே அடைந்துவிட்டார்!

அட்டையில் வீடு செய்தாலும் சரி, மரத்தில் படகு செய்தாலும் சரி... பொருத்திப் பார்த்த பிறகே பசையைத் திறங்கள். சரியா குட்டீஸ்?