பதினாறு ஜெர்சி

2018 அக்டோபர். சென்னை நேரு ஸ்டேடியத்தில், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தின் நடப்புச் சாம்பியனான சென்னையின் எஃப்சி சொந்த ரசிகர்கள் முன்னால் ஆடுகிறது. எதிரே குவாஹாட்டியிலிருந்து வந்த நார்த்ஈஸ்ட் யுனைடெட். அதுவரை ஐஎஸ்எல்லில் ஒரு தடவைகூட அரையிறுதியை எட்டாத அணி. விசில் ஊதியபோது 4-3 என்று சென்னை தோற்றிருந்தது. அந்த நாலில் மூன்று கோலை அடித்தவர் பார்த்தலோமியூ ஓக்பேச்சே. நைஜீரியாக்காரர். அந்த மாதம்தான் அவருக்கு 34 வயது முடிந்திருந்தது.

ஓடி ஆடும் விளையாட்டில் 34 என்பது பூட்ஸைக் கழற்றி வைக்கும் வயது. அந்த வயதில் அவர் ஏன் இந்தியாவுக்கு வந்தார் என்பதை அவருடைய பயோடேட்டாவே சொல்லிவிடும். பிரான்ஸில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன், பாஸ்தியா, மெட்ஸ். அமீரகத்தில் அல் ஜசீரா. ஸ்பெயினில் அலாவேஸ், வயாதோலித், காதிஸ், ஹெரெஸ். கிரீஸில் கவாலா, இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, நெதர்லாந்தில் காம்பூர், வில்லெம் டூ. பிறகு இந்தியாவில் நாலு கிளப். மொத்தம் 16 ஜெர்சி, 7 நாடு. சென்னைக்கு அருகே ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். மேசைக்கு இப்படி ஒரு தாள் வந்தால், “ஏன் இத்தனை கம்பெனி மாறியிருக்கீங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நியாயமான கேள்விதான். தொடக்கத்தைப் பார்த்தவர் யாரும் இந்தப் பட்டியலை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நைஜீரியாவின் தென்கிழக்கில் உள்ள ஓகோஜாவில் 1984இல் பிறந்த பையன், 17 வயதுக்குள் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னில். அதே கிளப்பில் ரொனால்டினோ இருந்தார். சொந்த நாட்டு நட்சத்திரமான ஜே-ஜே ஒகோச்சாவும் இருந்தார். 2002 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நைஜீரியா இறங்கியபோது ஓக்பேச்சேவும் களத்தில் இருந்தார். அப்போது அவருக்கு 18கூட நிறையவில்லை.

அதற்குப் பிறகு வந்தது ‘லோன்’. அதாவது இரவல். பெரிய கிளப் ஒன்று இளம் வீரர்களை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆடவைக்க இடம் இல்லையென்றால் ஒரு சீசனுக்குச் சின்ன கிளப்புக்கு அனுப்பிவிடும். அங்கே சோபித்தால் திரும்ப அழைக்கும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் கைகழுவும். ஐரோப்பியப் பையனுக்கு அப்போது பக்கத்து ஊரில் அம்மா வீடு இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து போனவருக்கோ விசாவும் வாடகை வீடும் எல்லாமே அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். கால் சுளுக்கினால்கூட ஆட்டம் காண்பது மொத்தப் பிழைப்பும்தான்.

வீரர் நன்றாக ஆடினாலும் கிளப் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. 2010-11 சீசனில் ஓக்பேச்சே கவாலாவுக்கு ஆடினார். 2011 ஆகஸ்டில், ஆட்டங்களை விலைபேசிய விவகாரத்தில், அந்த கிளப்பையே கிரீஸின் முதல் டிவிஷனிலிருந்து இறக்கிவிட்டார்கள். அக்டோபரில் அவர் மிடில்ஸ்பரோவில். அடுத்த வருடம் ஹெரெஸ். அதுவும் அந்த சீசனிலேயே கடைசி இடத்துக்குப் போய் டிவிஷனை இழந்தது.

இந்தப் பிழைப்பு நமக்கும் புதிதல்ல. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய சிப்காட் குடியிருப்பைத் திறந்தார்கள். ஊரை விட்டு வந்து, காண்ட்ராக்ட் தேதியை மனசில் வைத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்புவது எப்படிப்பட்ட வாழ்க்கை என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. கால்பந்து வீரரின் சம்பளம் பெரியது, வாழ்நாள் சின்னது. மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

ஆப்பிரிக்க வீரர்கள் இந்தியாவுக்கு வர வழி போட்டவர்களில் முக்கியமானவர் சீமா ஒகோரி. 1980களில் படிக்க வந்த நைஜீரிய இளைஞர். முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். நடுவில் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி டவுனுக்குப் போய்த் திரும்பினார். 1997-98இல் மோகன் பகான் தேசிய லீக்கை வென்றபோது அவரும் அணியில் இருந்தார்.

கேரளத்தின் மலப்புறத்துச் செவன்ஸ் வேறு உலகம். அறுவடை முடிந்த வயல்களில் மூங்கில் காலரி கட்டி, மின்விளக்கில் நடக்கும் ஏழு பேர் ஆட்டம். நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் என்று எங்கிருந்து வந்தாலும் அங்கே ஆப்பிரிக்க வீரர்களுக்குப் பெயர் ‘சுடானி’. 2018இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்ற மலையாளப் படத்துக்குத் தலைப்பு அதிலிருந்துதான் பிறந்தது. அந்தப் பெயரில் செல்லம் உண்டு. ஒருவரின் சொந்த நாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத அலட்சியமும் உண்டு. 2024 மார்ச்சில் அதே மலப்புறத்தின் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தி அடித்தது. தன்னை இனத்தைச் சொல்லித் திட்டியதாக அவர் போலீஸில் புகார் கொடுத்தார். செல்லப்பெயர் வைத்த ஊரில் நடந்ததால் அது இன்னும் வலிக்கிறது.

இவர்களாவது ஆட மைதானம் கிடைத்தவர்கள். ‘ட்ரயல்’ என்று நம்பவைத்து, குடும்பத்திடம் பணம் பிடுங்கி, பையனை ஐரோப்பிய நகரத்தில் இறக்கிவிட்டு மறைந்துவிடும் போலி ஏஜென்டுகளால் தெருவில் நின்றவர்கள் ஏராளம். கேமரூனின் முன்னாள் வீரர் ழான்-குளோத் எம்பூமின், அப்படிப்பட்டவர்களுக்காகவே 2000இல் பாரிஸில் ‘கல்ச்சர் ஃபுட் சாலிடேர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 18 வயது நிறையாதவரை நாடு விட்டு நாடு மாற்றுவதற்குச் சில விலக்குகள் தவிர ஃபிஃபாவின் தடை இருக்கிறது.

ஓக்பேச்சேவுக்கோ இந்தியாவில்தான் இரண்டாவது இளமை வந்தது. நார்த்ஈஸ்டில் 12 கோல். அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. கேரளா பிளாஸ்டர்ஸில் 15. மும்பை சிட்டியில் 8தான், ஆனால் 2021 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பிபின் சிங் அடித்த வெற்றி கோலுக்குப் பந்தைத் தட்டிக்கொடுத்தவர் அவர்தான். அடுத்த சீசனில், 37 வயதில், ஹைதராபாத்துக்கு 18 கோல் அடித்துத் தங்கக் காலணியை வாங்கினார். கோப்பையும் ஹைதராபாத்துக்கே வந்தது. 2022-23இல் இன்னும் 10. ஐந்து சீசனில் மொத்தம் 63.

அதற்கப்புறம் அவர் கேட்க வேண்டியிருந்தது சம்பள பாக்கியை. வழக்கு ஃபிஃபா வரை போனது. பாக்கியைத் தீர்க்காததால், புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஹைதராபாத் கிளப்புக்கு 2023இல் ஃபிஃபா தடை போட்டது.