விஜயநகரிலிருந்து ஒரு பாஸ்

2023 டிசம்பர் 13. மைசூரின் அமைதியான குடியிருப்புப் பகுதியான விஜயநகரில் ஒரு வீட்டு வாசலில் திடீரென்று போலீஸ், டிவி காமிராக்கள். அந்த வீட்டு இளைஞர் அன்று பகலில் மக்களவைக்குள் குதித்திருந்தார்.

எம்.பி. ஒருவர் பரிந்துரைத்தால் எந்தக் குடிமகனும் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து அவையின் அன்றாட அலுவலைப் பார்க்கலாம். மைசூர் எம்.பி.யாக இருந்த பிரதாப் சிம்ஹாவின் பரிந்துரையில் பாஸ் பெற்ற அந்த இளைஞரும் லக்னோ நண்பரும், பூஜ்ய நேரத்தில் கீழே குதித்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். எம்.பி.க்களே அவர்களை மடக்கினார்கள். 2001 தாக்குதலின் 22-வது நினைவு நாள் அது.

உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தரவேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். பாதுகாப்பு மக்களவைச் செயலகத்தின் பொறுப்பு என்றது அரசு. அமளி, சஸ்பெண்ட். முதல் பட்டியலில் சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபனும் இருந்தார். அன்று அவர் அவைக்கே வரவில்லை! பிறகு பெயர் நீக்கப்பட்டது. கூட்டத்தொடர் முடிவதற்குள் சஸ்பெண்ட் ஆனவர்கள் மக்களவையில் 100, மாநிலங்களவையில் 46.

எதிர்வரிசைகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்க, இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் மாற்றான மசோதாக்கள் டிசம்பர் 20-ல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின.

புகை சில நிமிடங்களில் கலைந்துவிட்டது. சட்டங்கள் நிலைத்துவிட்டன. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் குற்றத்துக்கு விஜயநகர் போலீஸ் நிலையத்திலும் வழக்கு பதிவாவது அவற்றின் கீழ்தான்.